பலகையிலிருந்து கைப்பேசிக்கு: மறைந்துவரும் விளம்பரமும் ஒரு சுவரொட்டித் திட்டமும்

மும்பையின் வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கும் தாராவித் தமிழ் மாணவி ஒருவர், விளம்பரங்கள் மக்கள் பார்வையிலிருந்து நழுவிக்கொண்டிருப்பதைப் பொருளாகக் கொண்டு ஒரு சுவரொட்டி வரிசையை உருவாக்கி வருகிறார். கேட்டவுடன் இந்தப் பொருள் நம்பத்தகாததாகத்தான் தோன்றும். பாந்திரா ரெக்ளமேஷனில் வரிசைகட்டி நிற்கும் பலகைகள், வெளிப்புறம் முழுவதும் விளம்பரம் போர்த்திய புறநகர் ரயில்கள், நிலையத்தின் பெயரோடு ஒரு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து அறிவிக்கும் மெட்ரோ ஒலிபெருக்கி என்று, விளம்பரம் படாத இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் விளம்பரம் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், எந்த விளம்பரம், யாருடைய பார்வையிலிருந்து, என்ன காரணத்தால் என்று கேட்காமல் மேலே போக முடியாது.

மை வெளுப்பது ஒரு வகை மறைவு. கண் பழகிப்போய்ப் பார்க்க மறுப்பது இன்னொரு வகை. விளம்பரமே தன்னை விளம்பரம் என்று காட்டிக்கொள்ளாமல் ஒளிந்துகொள்வது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. மாணவர் திட்டங்கள் பெரும்பாலும் இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே படத்துக்குள் அடைத்துவிடுகின்றன. அதனால் வெறுமையான ஒரு வெள்ளைப் பலகையும் கைப்பேசிக்குள் கவிழ்ந்த ஒரு தலையுமாக, எங்கோ ஏற்கெனவே பார்த்தது போன்ற சுவரொட்டியாக அவை முடிந்துவிடுகின்றன. பொருளின் பின்னணியைச் சற்று விரிவாகப் பார்த்தால், அதைவிடக் கூர்மையான பல வழிகள் அதற்குள்ளேயே இருப்பது தெரியும்.

மையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் மாணவி நாளெல்லாம் கையாளும் பொருள் அது. வெயில்படும் சுவரில் சில மாதங்கள் கிடந்த போஸ்டரும், சலூன் கடைக் கண்ணாடியில் ஒட்டிய முடிவெட்டுப் படங்களும் காலப்போக்கில் நீலம் பாரித்துப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகங்களில் இரத்த ஓட்டம் வற்றி, உதட்டுச் சிவப்பு காணாமல் போய், கடைசியில் நீலமும் கறுப்புமே மிஞ்சும். நான்கு வண்ண அச்சில் பயன்படும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள் ஒளியைத் தாங்கும் திறனில் ஒன்றுக்கொன்று ஒத்தவையாக இல்லாததே இதற்குக் காரணம். கறுப்பு மையின் அடிப்படை கரி. அதை வெயில் எளிதில் அசைத்துவிட முடியாது. சயான் மையில் இருப்பது செம்பு கலந்த தாலோசயனின் என்னும் நிறமி. அதுவும் மிக உறுதியான மூலக்கூறு. வழக்கமான மெஜந்தாவும் மஞ்சளும் அசோ வகை நிறமிகளால் ஆனவை. அவற்றின் பிணைப்புகளைப் புற ஊதாக் கதிர்கள் படிப்படியாக உடைத்துவிடுகின்றன. எனவே சிவப்பும் ஆரஞ்சும் தோலின் நிறமும் முதலில் போகின்றன, வானமும் நிழலும் தங்கிவிடுகின்றன.

இந்தத் தாங்குதிறனை அளக்க நீலக் கம்பளி அளவுகோல் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளை அச்சு மாதிரியோடு சேர்த்து ஒளியில் வைத்து, மாதிரி எந்தத் துண்டோடு ஒத்து வெளுக்கிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் தருவார்கள். அச்சுக்கூடங்களில் பொதுவாகப் பயன்படும் சயானும் கறுப்பும் உச்ச எண்களை எட்ட, மெஜந்தாவும் மஞ்சளும் நடுவிலோ அதற்குக் கீழோ நின்றுவிடுகின்றன. நம்முடைய காலண்டர்களையும் போஸ்டர்களையும் அடித்துத் தரும் சிவகாசி அச்சகத்தாருக்கு இது பாடப்புத்தகம் படிக்காமலே தெரிந்த செய்திதான். ஒரு வடிவமைப்பாளர் இதைக் குறையாக எண்ணி வருந்த வேண்டியதில்லை. ஒரே சுவரொட்டியில் ஒரு விற்பனை வாசகத்தை மெஜந்தாவிலும் இன்னொரு வாசகத்தை சயானிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, மும்பையின் ஏப்ரல், மே வெயிலில் மாடியில் விட்டால், விற்பனை வாசகம் வெளுத்து அடியிலிருக்கும் வாசகம் மேலெழுந்து வரும். மறைவைப் படமாக வரைவதை விட்டுவிட்டு, மறைவையே அச்சு முறையாக்கும் வழி இது. எத்தனை வாரத்தில் எவ்வளவு வெளுக்கும் என்பதை மாதிரித் தாள்களை வைத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரியின் இன்க்ஜெட் மை ஒரு விதமாகவும், ஆஃப்செட் மை வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

பிளெக்ஸ் வந்த பிறகு கதை சற்று மாறிவிட்டது. பாலியெஸ்டர் வலையின்மேல் பி.வி.சி. பூசிய இந்தத் துணி மழையில் கரைவதில்லை, எளிதில் கிழிவதுமில்லை. சுண்ணாம்புச் சுவரில் பசை தடவி ஒட்டிய காகிதம் ஒரு பருவமழையோடு போய்ச் சேர்ந்தது. பிளெக்ஸோ தான் அறிவித்த நிகழ்ச்சியைவிட நெடுநாள் வாழ்கிறது. தாராவியிலும் குர்லாவிலும் ஜூன் மாதத்துக்கு முன் கூரைமேல் விரிக்கப்படும் விரிப்புகளில் பழைய விளம்பர பிளெக்ஸ்களும் உண்டு. அடுக்குமாடி வீட்டுக் கட்டுமான நிறுவனம் ஒன்றின் நீச்சல் குளப் படத்துக்கு அடியில் ஒரு குடும்பம் மழைக்காலத்தைக் கழிப்பது இந்த நகரத்தில் அரிய காட்சி அல்ல. அந்த விளம்பரம் பொருளாக முழு உருவில் இருக்கிறது. ஆனால் தரையிறங்கும் விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிவதில்லை. மாணவி தன் பகுதியிலேயே புகைப்படம் எடுத்துச் சேர்க்கத்தக்க சான்று இது.

இனிக் கண்ணின் பக்கம் வருவோம். கவனம் வேறொன்றில் குவிந்திருக்கும்போது கண்ணுக்கு நேரே இருப்பதையும் மனம் பதிவுசெய்யாமல் விட்டுவிடும் என்பதற்கு, டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் வெளியிட்ட சோதனை பலரும் அறிந்தது. கூடைப்பந்தைக் கைமாற்றுவதை எண்ணச் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஆட்டக்காரர்களுக்கு நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து போனதையே கவனிக்கவில்லை. விளம்பரத்தைப் பொறுத்தவரை இதைவிட நேரடியான ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்துவிட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வேயும் லேனும் 1998-இல் செய்த ஆய்வில், இணையப் பக்கத்தில் ஒரு தகவலைத் தேடியவர்கள், அந்தத் தகவலே பெரிய வண்ணப் பட்டைக்குள் இருந்தபோதும் அதைத் தாண்டிப் போய்விட்டனர். விளம்பரம் போல் தோற்றமளித்ததே அதன் குற்றம். மற்றவற்றிலிருந்து பிரித்துப் பெரிதாக்கிப் பளிச்சென்று காட்டினால் கண் அங்கே போகும் என்ற வடிவமைப்புப் பாடத்தின் முதல் விதியை இந்த முடிவு தலைகீழாக்கிவிடுகிறது. பளிச்சென்று இருப்பது எது என்று பயனர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கற்றுக்கொண்டதால்தான் அவர்களால் அதைத் தவிர்க்க முடிகிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு விரைவாகப் படிந்தது என்பதையும் கவனிக்கலாம். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனம் வைத்த பட்டையே இணையத்தின் முதல் விளம்பரப் பட்டைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் சொடுக்கினார்கள் என்று வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று அத்தகைய பட்டைகளை நூற்றுக்கு ஒருவர்கூடச் சொடுக்குவதில்லை.

ஆனால் பார்க்கப்படாத விளம்பரம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகும். ராபர்ட் சயான்ஸ் என்னும் உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதே அதன்மேல் விருப்பத்தைக் கூட்டிவிடும் என்று காட்டின. பொருள் விளங்காத சொற்களிலும் முன்பின் தெரியாத முகங்களிலும் கூட இது நிகழ்ந்தது. மாட்டுங்காவில் மளிகைக் கடைக்குப் போகும் ஒருவர், வழியில் எந்தப் பலகையையும் பார்த்த நினைவின்றி, கடையில் நின்றதும் ஒரு பெயரைத் தயங்காமல் கேட்கிறார் என்றால், அந்தப் பெயர் அவருக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை அவராலேயே விளக்க முடியாது. கவனிக்கப்படாத விளம்பரத்துக்கு இப்படி ஒரு வசதி உண்டு: கவனித்தால்தானே மறுத்துப் பேச முடியும்? மாணவியின் திட்டம் மக்கள் விளம்பரத்தை வென்றுவிட்டார்கள் என்று மகிழும் திட்டமாக அமைந்துவிடக் கூடாது என்பதற்கு இந்த ஆய்வு ஒன்றே போதுமான காரணம்.

கண் எல்லாவற்றுக்கும் சமமாகப் பழகிப்போவதும் இல்லை. 1966-இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் கைவண்ணத்தில் தொடங்கிய அமுல் பலகைகளை மும்பைக்காரர்கள் இன்னும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் புள்ளிச் சட்டைச் சிறுமி மாறுவதில்லை. அவளைச் சுற்றியிருக்கும் நாட்டு நடப்பும் சிலேடையும் மாறிக்கொண்டே இருப்பதால், இந்த வாரம் என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தாராவி 90 அடிச் சாலையிலும் சயான் வட்டாரத்துக் கோலிவாடாவிலும் தொங்கும் கண்ணீர் அஞ்சலிப் பேனர்கள். வடிவமைப்புக் கல்லூரியின் எந்த அளவுகோலிலும் அவை தேறாது. ஊதாப் பின்னணியில் ரோஜாப்பூ, புறா, எரியும் மெழுகுவர்த்தி, நடுவில் கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கிய முகம், அடியில் மகன்கள் மருமகள்கள் பேரன்கள் எனப் பொடி எழுத்தில் நீண்ட பட்டியல், சொந்த ஊராகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தின் பெயர். பக்கத்திலேயே அதே அச்சுக்கடையில் அடித்த ‘பாவபூர்ண ஷ்ரத்தாஞ்சலி’ பேனரும் மராத்தியில் தொங்கும். இவற்றின் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், பட்டியலை இறுதிவரை படிக்கிறார்கள், விடுபட்ட பெயரைக் கண்டுபிடித்துச் சண்டையும் போடுகிறார்கள். அவர்களுக்கு அந்த முகம் தெரியும் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று அறிந்து பேசும் பலகை மங்குவதில்லை. கடந்து போகும் எல்லோரிடமும் ஒரே குரலில் பேசும் பலகைதான் மங்குகிறது.

கண் விலகும்போது வெளிப்புற விளம்பரத் தொழில் செய்த முதல் வேலை, பலகையைப் பெரிதாக்கியது. இதற்குக் கணக்கு ஒன்று உண்டு. வசதியாகப் படிக்க வேண்டுமானால் பத்தடித் தொலைவுக்கு எழுத்து ஓர் அங்குலம் உயரமிருக்க வேண்டும் என்பது பலகைத் தொழிலின் பொதுவான விதி. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் கடந்துவிடுவதால், சில நொடி வாசிப்புக்கே வெகு தொலைவிலிருந்து தெரியும் எழுத்து வேண்டும். வேகச் சாலைகள் பெருகப் பெருகப் பலகைகளும் வளர்ந்தன. அந்த வளர்ச்சி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் காட்கோபர் சேடா நகரில் 2024 மே 13-ஆம் நாள் நகரம் கண்டது. அன்று மாலை வீசிய புழுதிக் காற்றில், கிழக்கு விரைவு நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் நிலையத்தின்மேல் ராட்சதப் பலகை சாய்ந்ததில் 17 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40 அடி. விழுந்த பலகை ஏறத்தாழ 120-க்கு 120 அடி. நீளத்தில் மூன்று மடங்கு என்று கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்த எண், பரப்பளவில் ஒன்பது மடங்காகிறது: 1,600 சதுர அடிக்குப் பதிலாக 14,400 சதுர அடி. காற்றின் விசை பரப்பளவுக்கு ஏற்பவும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடும் என்பதால், அந்த உயரத்தில் அது பலகை என்ற நிலையைக் கடந்து பாய்மரமாகிவிட்டிருந்தது. நிலம் ரயில்வே காவல் துறையின் பொறுப்பில் இருந்ததால் மாநகராட்சியின் அனுமதி வேண்டியதில்லை என்ற வாதத்தில்தான் அது எழும்பியது. நாட்டின் மிகப் பெரிய விளம்பரப் பலகைகளில் ஒன்று என்ற பெருமையும் அதற்கு இருந்தது. பலகைகள் தெரிவதற்கு இடைஞ்சலாயிருந்த சாலையோர மரங்கள் நஞ்சிட்டு உலரவைக்கப்பட்டன என்ற புகார் விபத்துக்கு முன்பே எழுந்திருந்தது. அருகிலேயே முருகன் கோயிலும் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்களும் உள்ள பகுதி அது. செம்பூர்த் தமிழர்களுக்கு இது செய்தித்தாளில் படித்த விபத்தாக மட்டும் இருக்கவில்லை. விளம்பரத்தின் பார்வைப்புலம் பற்றி மும்பையில் எந்தத் திட்டம் செய்தாலும் சேடா நகரைத் தொடாமல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பலகை தெரிய வேண்டும் என்பதற்காக மரம் பட்டுப்போக வேண்டியிருக்கிறது, விதி வளைய வேண்டியிருக்கிறது என்றால், பார்வை எவ்வளவு அருகிவிட்ட சரக்கு என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இருக்க முடியாது.

பலகைகளை அடியோடு அகற்றிப் பார்த்த நகரங்களும் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மேயர் கில்பர்டோ கசாப் கொண்டுவந்த ‘தூய நகர’ச் சட்டம் 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்து, ஏறத்தாழ 15,000 பலகைகள் கழற்றப்பட்டன. பிரான்சின் கிரெனோபிள் 2014-இல் தன் தெருவோர விளம்பரப் பலகைகளுக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, மரம் நடப்போவதாக அறிவித்தது. எலும்புக்கூடாக நின்ற சாவ் பாவ்லோவின் வெற்றுப் பலகைச் சட்டகங்களின் புகைப்படங்கள் உலகம் முழுவதும் சுற்றியதால், வடிவமைப்பு மாணவர்கள் எல்லோரும் முதலில் போய் முட்டும் இடம் அதுவாகவே இருக்கிறது. அந்தப் படங்களை மேற்கோளாகக் கொள்ளலாம், பின்பற்ற வேண்டியதில்லை. அங்கே விளம்பரம் மறைந்தது சட்டத்தால். இங்கே அது மறைந்துகொண்டிருப்பது வேறொரு வழியில்.

அந்த வழி பணம் போகும் திசையில் தெரிகிறது. இந்தியாவில் விளம்பரத்துக்குச் செலவாகும் பணத்தில் இணையத்தின் பங்கு தொலைக்காட்சியை முந்திவிட்டது. இணையத்தில் ஒரு விளம்பரம் ‘பார்க்கக் கிடைத்தது’ என்று எப்போது கணக்கு வைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் வியப்பாயிருக்கும். அமெரிக்காவின் ஊடக மதிப்பீட்டு மன்றம் வகுத்து, தொழில்துறை பரவலாக ஏற்றுக்கொண்ட அளவுகோல்படி, படவிளம்பரத்தின் புள்ளிகளில் (பிக்சல்களில்) பாதி, தொடர்ந்து ஒரு நொடி திரைக்குள் இருந்தால் போதும். காணொளிக்கு இரண்டு நொடி. மனிதக் கண் அதன்மேல் பட்டதா என்பது கணக்கிலேயே இல்லை. இந்த விதியைச் சுவரொட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். பாதி மட்டும் அச்சிடப்பட்டு மறுபாதி வெறுமையாக விடப்பட்ட ஒரு தாள், தொழில்முறைக் கணக்குப்படி முழுமையாகக் காட்டப்பட்ட விளம்பரம். மாணவியின் வரிசையில் ஒரு தாள் இப்படி அமையலாம். விதியையே சிறு எழுத்தில் அடிக்குறிப்பாகக் கொடுத்துவிட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது.

அளவீட்டைவிட ஆழமான மாற்றம், விளம்பரம் தன் உருவத்தைக் கலைத்துக்கொண்டது. சமையல் காணொளியில் ஒரு பெண் எந்த எண்ணெயை ஊற்றுகிறார், பயணக் காணொளியில் ஓர் இளைஞர் எந்தப் பையைத் தோளில் மாட்டுகிறார் என்பதெல்லாம் பணம் பெற்ற ஏற்பாடாக இருக்கலாம். பார்ப்பவருக்கு அது தெரியாது. மும்பையில் இயங்கும், 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், 2021-இல் இத்தகைய செல்வாக்காளர்கள் தம் பதிவுகளில் விளம்பரம் என்ற அடையாளத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல் பினாமி விளம்பரங்களை, அதாவது விளம்பரத் தடையுள்ள பொருளை வேறொரு பொருளின் பெயரில் மறைமுகமாக விளம்பரப்படுத்துவதை, தடைசெய்தது. 2023 நவம்பர் இறுதியில் அதே ஆணையம், பயனரை ஏமாற்றும் 13 வகைத் திரைவடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டபோது, மாறுவேடம் பூண்ட விளம்பரமும் அதில் ஒன்றாக இடம்பெற்றது. ஒரு காலத்தில் விளம்பரம் மிகையாகத் தெரிகிறது என்பதால் அரசு அளவைக் கட்டுப்படுத்தியது. இன்று அது தெரியாமலிருக்கிறது என்பதால், தெரியும்படி செய் என்று ஆணையிட வேண்டியிருக்கிறது. மாணவியின் பொருளுக்கு இதைவிடச் சுருக்கமான பின்னணி வேறில்லை.

இத்தோடு ஆளுக்கேற்ற விளம்பரமும் சேர்ந்துகொள்கிறது. சயான் மேம்பாலத்தருகே ஒரு பலகை நின்றால், அதை வண்டியோட்டியும் வங்கி அதிகாரியும் பள்ளிக் குழந்தையும் சேர்ந்தே பார்க்கிறார்கள். அதில் பொய் இருந்தால் யாரோ ஒருவர் படம் எடுத்துப் புகார் செய்யலாம், பெண்களை இழிவுபடுத்தினால் மறியல் செய்யலாம், மை பூசலாம். எல்லோரும் பார்த்தது என்பதால் அதைப் பற்றிப் பேச ஒரு பொதுவெளி இருந்தது. கைப்பேசித் திரையிலோ, சால் எனப்படும் மும்பையின் வரிசை அறைக் குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்த அறைகளில் வசிக்கும் இருவருக்கு ஒரே நிமிடத்தில் வெவ்வேறு விளம்பரங்கள் வருகின்றன. கல்லூரி மாணவருக்கு உடனடிக் கடன் செயலி, அவருடைய தாயாருக்குத் தங்க நகைச் சீட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மூட்டுவலித் தைலம். ஒருவருக்குக் காட்டப்படுவது மற்றவருக்குத் தெரிவதில்லை. கடன் செயலியின் வட்டி என்ன என்று அந்த வீட்டுக்குள்ளேயே விவாதம் எழுவதற்கு வாய்ப்பில்லை. பெரும் இணையத் தளங்கள் தங்கள் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கக்கூடிய காப்பகங்களை வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் மிகப் பெரிய தளங்களுக்கு அதைக் கட்டாயமாகவும் ஆக்கியிருக்கிறது. ஆனால் தேடிப் போனால்தான் கிடைக்கும் காப்பகமும், வேண்டாமென்றாலும் கண்ணில் படும் தெருப்பலகையும் ஒன்றாகிவிட முடியாது. விளம்பரத்தின் பார்வைப்புலம் மங்குகிறது என்று சொல்லும்போது நாம் இழந்துகொண்டிருப்பது, ஒரே விளம்பரத்தைப் பலரும் சேர்ந்து பார்க்கும் அந்த நிலையைத்தான் என்பது என் கணிப்பு. பலகைகளின் அசிங்கத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான வாதம் அல்ல இது. சேடா நகருக்குப் பிறகு அப்படி யாரும் வாதிட முடியாது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் சுவரொட்டி என்ற ஊடகம் வெறும் பழமை விருப்பமாக நின்றுவிடாமல் பொருளோடு நேராகப் பொருந்துகிறது. பலர் சேர்ந்து பார்ப்பதற்காகவே பிறந்த வடிவம் அது. ஒரே கட்டடத்தில் வசிக்கும் பத்துப் பதினைந்து பேர், ஒரே மாலை நேரத்தில் தத்தம் கைப்பேசியில் வந்த விளம்பரங்களைப் படமெடுத்துக் கொடுத்தால், அவற்றைக் கட்டங்களாக அடுக்கி அதே கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் ஒட்டலாம். பெயர் வேண்டாம், அறை எண் வேண்டாம். வயதும் தொழிலும் போதும். ஒருவருக்கு வந்த மருந்து விளம்பரமே அவருடைய நோயைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும் என்பதால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். எழுத்துமூல ஒப்புதலும் தேவை. வாசகங்கள் தமிழிலும் மராத்தியிலும் அமைந்தால், தமிழ்ச் சொற்களின் நீளத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டு கட்டங்களின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். கடன் செயலியின் பளபளப்பான முகப்பு தாய்மார்கள் காய்கறிப் பையோடு ஏறிவரும் படிக்கட்டில் வந்து நிற்கும்போது, அதற்குக் கைப்பேசிக்குள் இல்லாத ஒரு பார்வையாளர் கூட்டம் கிடைத்துவிடுகிறது.

எங்கே ஒட்டுவது என்பது சின்னக் கேள்வி போலத் தோன்றினாலும் திட்டத்தையே தீர்மானித்துவிடும். 1995-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சொத்துச் சிதைவுத் தடுப்புச் சட்டப்படி, பொதுமக்கள் பார்வையில் படும் சொத்தின்மேல் உரிமையாளரின் அனுமதியின்றி எழுதுவதும் ஒட்டுவதும் குற்றம். சட்டத்துக்குப் புறம்பான பேனர்களை அகற்றும்படி பம்பாய் உயர் நீதிமன்றமும் மாநகராட்சிகளைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. ரயில் நிலையச் சுவருக்கு உரிமக் கட்டணம் உண்டு. ஆகவே ஒரு மாணவிக்கு எஞ்சுவது கல்லூரித் தாழ்வாரம், குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்புப் பலகை, தெரிந்த தேநீர்க் கடையின் உட்சுவர் ஆகியவைதான். தாராவி போன்ற பகுதியில் அறிவிப்புப் பலகையில் தண்ணீர் வரும் நேரத்தாளுக்கும் மறுவளர்ச்சித் திட்டக் கூட்ட அறிவிப்புக்கும் பக்கத்தில் இடம் கிடைத்தால், அது எந்த நெடுஞ்சாலைப் பலகையையும்விட நன்றாக வாசிக்கப்படும். சங்கச் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அகற்றும் நாளையும் சுவரொட்டியிலேயே குறித்துவிடுவது நல்லது.

கடைசியாக, அது பார்க்கப்பட்டதா என்பதை எப்படி அறிவது? ஒட்டியவரே வந்து, ‘அக்கா, என் போஸ்டரப் பாத்தீங்களா?’ என்று கேட்டால், நம்மூர் மரியாதைக்குப் பார்த்தேன் என்றுதான் பதில் வரும். விளம்பர ஆய்வில் நினைவுகூரலையும் அடையாளம் காணலையும் பிரித்தே கையாள்கிறார்கள். முன்னது, எதையும் காட்டாமல் நினைவிலிருப்பதைச் சொல்லக் கேட்பது; பின்னது, அச்சான விளம்பரத்தைக் காட்டி முன்பு பார்த்ததுண்டா என்று கேட்பது. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச் 1920-களில் தொடங்கி வளர்த்தெடுத்த இந்த இரண்டாவது முறையில், பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்லும் பழக்கம் எண்களை ஊதிப் பெரிதாக்கியதால், பின்னால் வந்தவர்கள் எங்கும் வெளியிடப்படாத போலி விளம்பரங்களையும் கலந்து காட்டத் தொடங்கினார்கள். மாணவியும் அதையே செய்யலாம். வரிசையில் ஒரு சுவரொட்டியை அச்சிட்டு, எங்கும் ஒட்டாமல் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, கல்லூரித் தோழி ஒருவரை அனுப்பி எல்லாத் தாள்களையும் கலந்து காட்டிக் கேட்கச் செய்து, ஒட்டப்படாத தாளைப் பார்த்ததாகச் சொன்னவர்களின் விழுக்காட்டை மற்றவற்றின் எண்ணிலிருந்து கழித்துவிட்டால், மிஞ்சும் எண்ணைத் தயக்கமின்றி மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்கலாம். அது சுழியத்துக்கு அருகில் வந்தாலும் திட்டத்தின் பொருளுக்கு அது முரணானதல்ல.